எழுத்துச் சிறியதா, கண் மங்கியதா?

வாசிப்பு முதுமைக்கு வாய்த்த உற்ற துணை. கால் தளர்ந்து வெளியே செல்ல இயலாத வேளையிலும், உடன் வாழ்ந்தோர் ஒவ்வொருவராகப் பிரிந்து வீடு அமைதியில் ஆழ்ந்த காலத்திலும், ஒரு செய்தித்தாளோ ஒரு நூலோ மனிதரை உலகோடு பிணைத்து வைக்கிறது. அத்துணை இன்று பெரும்பாலும் திரைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. செய்தி அங்கே, மின்கட்டண விவரம் அங்கே, வங்கிக் கணக்கு அங்கே, கடல் கடந்து வாழும் மக்கள் எழுதும் மடலும் அங்கே. எழுத்தெல்லாம் இவ்வாறு திரைக்குச் சென்ற பின், அத்திரையை வாசிக்க இயலாதவரின் நிலை என்ன?

“எனக்கு இனிக் கண் எட்டாது, நீயே படித்துச் சொல்லிவிடு” என்று பெரியவர்கள் ஒதுங்கிக் கொள்வதை நம் இல்லங்கள் பலவற்றில் காண்கிறோம். இது சிறு செய்தி போலத் தோன்றும். ஆனால் பிறர் படித்துச் சொல்லக் கேட்பவர், அவர் படித்துக் காட்டுவதை மட்டுமே அறிவார். தம் கணக்கில் உள்ள தொகையையும், தமக்கென்று வந்த மடலின் அந்தரங்கத்தையும் பிறர் வாயால் அறிய வேண்டியிருக்கும். ஒதுங்காமல் தாமே முயல்பவருக்கும் இடர் உண்டு. மூன்றும் எட்டும் ஒன்றுபோலத் தெரியும் திரையில், பணம் அனுப்பும் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் துன்பம்தான்.

இவ்வாறு ஒதுங்கியவர்கள் எல்லாருக்கும் கண்ணே குற்றவாளி அன்று. பலருக்குக் குறை திரையின் அமைப்பிலும் இருக்கிறது. தாளில் அச்சேறிய எழுத்து அச்சேறியபடியே நிற்கும். நாம்தான் அதற்கேற்ப வளைந்து கொடுக்க வேண்டும். திரையில் தோன்றும் எழுத்தோ வாசிப்பவரின் சொல்லுக்குப் பணியும். பெரிதாகு என்றால் பெரிதாகும். கருத்துத் தோன்று என்றால் கருத்துத் தோன்றும். அப்படிச் சொல்லும் வழியை அறியாமையால் எத்தனையோ பேர் வாசிப்பையே துறந்துவிடுகின்றனர். அவ்வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசகருக்கு உரிய பங்கு

இணையப் பக்கத்தின் தோற்றத்தை மாற்றுவது ஏதோ செய்யக் கூடாத செயல் என்று சிலர் அஞ்சுகின்றனர். உண்மை நேர்மாறானது. ஜெனீவா நகருக்கு அருகில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், 1989-ஆம் ஆண்டு இணைய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1990-இல் முதல் உலாவியையும் உருவாக்கினார். அவர் வகுத்த முறையில் பக்கத்தை எழுதுபவர் ‘இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல்’ என்று குறித்தால் போதும். அவற்றை எத்தனை பெரிய எழுத்தில் காட்டுவது என்பது வாசிப்பவரின் கணினியைப் பொறுத்ததாக இருந்தது.

பின்னர் 1994-இல், அதே நிலையத்தில் பணியாற்றிய நார்வே நாட்டவரான ஹோகோன் வியூம் லீ, பக்கங்களுக்கு அழகூட்டும் ஒரு முறையை முன்மொழிந்தார். சி.எஸ்.எஸ். என்று வழங்கும் அம்முறை 1996-இல் நெறியாக ஏற்கப்பட்டது. அதன் பெயரின் முதற்சொல் படிப்படியாக விழும் அருவியைக் குறிப்பது. எழுதியவரின் விருப்பமும் வாசிப்பவரின் விருப்பமும் படிப்படியாக இறங்கிக் கலந்து, இறுதித் தோற்றம் அமைய வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆகவே பக்கத்தின் தோற்றத்தில் வாசகருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது தொடக்க நாள் முதல் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை.

நாளடைவில் வடிவமைப்போர் பலர் இணையப் பக்கத்தைச் சுவரொட்டி போலக் கருதத் தொடங்கினர். பார்வைக்கு நேர்த்தியாக இருக்க வேண்டும் என்று சிறிய எழுத்தையும் வெளிர் சாம்பல் நிறத்தையும் தேர்ந்தனர். இதைத் திருத்தவே நெறிகள் எழுந்தன. 2008-ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு நெறிமுறை, எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினாலும் பக்கத்தின் பொருளும் பயனும் குன்றக் கூடாது என வகுத்தது. நம் நாட்டிலும் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் வெளியிடப்பட்டன. அரசுத் தளங்கள் பலவற்றின் மேற்பகுதியில் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்தை அடுத்துக் கூட்டல், கழித்தல் குறிகள் காணப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை அலங்காரம் அல்ல. கூட்டல் குறி உள்ளதை அழுத்தினால் எழுத்துப் பெரிதாகும்.

எழுத்து ஏன் சிறுத்தது?

முன்பு தெளிவாகத் தெரிந்த எழுத்து இப்போது ஏன் சிறுத்தது? காரணங்கள் மூன்று.

முதலாவது, வயது. நாற்பதை ஒட்டிய பருவத்தில் கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை நெகிழ்ச்சியை இழக்கத் தொடங்குகிறது. அண்மையில் உள்ளதைக் காண அது குவிந்து கொடுக்க மறுக்கிறது. வெள்ளெழுத்து என்று நம் மக்கள் சொல்வது இதையே. இது நோயன்று, எல்லாருக்கும் வருவது.

இரண்டாவது, திரையின் மாற்றம். திரை என்பது பிக்சல் எனப்படும் நுண்ணிய புள்ளிகளின் தொகுப்பு. பழைய 15 அங்குலத் தட்டைத் திரையில் குறுக்காக 1,024 புள்ளிகள் இருந்தன. இன்றைய 15.6 அங்குல மடிக்கணினிகள் பலவற்றில் 1,920 புள்ளிகள் உள்ளன. ஏறத்தாழ அதே அகலத்தில் இத்தனை புள்ளிகளை அடைத்தால் ஒவ்வொரு புள்ளியும் சிறுத்துத்தானே ஆக வேண்டும்? 16 புள்ளி உயரமுள்ள எழுத்து, பழைய திரையில் இருந்த அளவில் ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கிவிடுகிறது. கணினியில் உரிய மாற்றம் செய்யாவிடில், புதுத் திரை வாங்கியவர் பழைய திரையை நினைத்து ஏங்குவதில் வியப்பில்லை.

மூன்றாவது, நம் தமிழ் எழுத்தின் இயல்பு. ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. மெய்யின் தலையில் நிற்கும் புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும். றன்னகரத்துக்கும் டண்ணகரத்துக்கும் வேறுபாடு ஒரு சுழி. சிற்றெழுத்தில் அச்சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்கின்றன. ஆதலால் தமிழ்ப் பக்கங்களை வாசிக்கும்போது சற்றுக் கூடுதல் அளவை நாடுவது இயற்கையே.

இரு விசைகளில் முதல் உதவி

மிக எளிய வழியை முதலில் காண்போம். கணினி விசைப்பலகையின் கீழ் வரிசையில், இடப்பக்க மூலையை ஒட்டிக் ‘கன்ட்ரோல்’ என்னும் விசை இருக்கும். அதை அழுத்திப் பிடித்தவாறே கூட்டல் குறி உள்ள விசையை ஒரு முறை தட்டுங்கள். கண்முன் உள்ள இணையப் பக்கம் ஒரு படி பெரிதாகும். மீண்டும் தட்டினால் மேலும் பெரிதாகும். கழித்தல் குறியைத் தட்டினால் சிறிதாகும். சுழியத்தைத் தட்டினால் பழைய நிலைக்கே திரும்பும். ஆப்பிள் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதிலாகக் ‘கமாண்ட்’ விசையைப் பயன்படுத்த வேண்டும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகிய எல்லா உலாவிகளிலும் இம்முறை செல்லும்.

சுழியம் இருக்கையில் அச்சத்துக்கு இடமில்லை. எத்தனை முறை தட்டினாலும் எதுவும் கெட்டுவிடாது. ஒரே தட்டில் பழையபடி ஆகிவிடும். மேலும் குரோம் போன்ற உலாவி, எந்தத் தளத்தை எந்த அளவில் வைத்தீர்கள் என்பதை நினைவில் கொள்ளும். நாள்தோறும் வாசிக்கும் செய்தித் தளத்தை ஒரு முறை பெரிதாக்கினால், மறுநாளும் அது அவ்வாறே திறக்கும்.

எல்லாத் தளங்களும் எப்போதும் பெரிதாகவே திறக்க வேண்டுமா? குரோம், எட்ஜ் உலாவிகளின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘அப்பியரன்ஸ்’ என்னும் தலைப்பின்கீழ் பக்க அளவைக் குறிக்கும் இடம் உண்டு. 100 விழுக்காடு என்றிருப்பதை 125 அல்லது 150 ஆக்கிவிடலாம். ஆயினும் அளவறிந்து செய்வது நன்று. வரிக்கு இரண்டு மூன்று சொற்களே தங்கும் அளவுக்குப் பெரிதாக்கினால், கண் ஓயாமல் அடுத்த வரிக்குத் தாவிக் களைத்துப் போகும்.

கணினி முழுமைக்கும் ஓர் ஏற்பாடு

மேலே கூறியவை இணையப் பக்கத்துக்கு மட்டும் உரியவை. பட்டியல்கள், கோப்புகளின் பெயர்கள், எச்சரிக்கைச் செய்திகள் ஆகிய யாவும் பெரிதாக வேண்டுமாயின் கணினியின் அமைப்பையே மாற்ற வேண்டும். விண்டோஸ் 11 உள்ள கணினியில் ‘செட்டிங்ஸ்’ பகுதியைத் திறந்து, ‘சிஸ்டம்’ என்பதில் ‘டிஸ்பிளே’ என்பதை நாடினால் ‘ஸ்கேல்’ என்னும் வரி தோன்றும். அதில் 125, 150, 175 என்று விழுக்காடுகள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தால் திரையில் உள்ள அனைத்தும் பெரிதாகும். எழுத்து மட்டும் பெரிதானால் போதும் என்போர், ‘ஆக்ஸசிபிலிட்டி’ பகுதியில் ‘டெக்ஸ்ட் சைஸ்’ என்பதைத் தேடுக. அங்குள்ள நகர்த்துகோலை 225 விழுக்காடு வரை நகர்த்தலாம். அம்புக்குறி கண்ணுக்குத் தப்பிவிடுகிறது என்போர், அதே பகுதியில் அதைப் பெரிதாக்கவும் நிறம் மாற்றவும் இயலும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘ஸ்கேல்’ என்பதற்கு அருகிலேயே ‘ரெசல்யூஷன்’ என்று ஒன்று இருக்கும். அதைக் குறைத்தாலும் எழுத்துப் பெரிதாகத் தோன்றும். ஆகவே பலர் அதையே குறைத்து வைக்கின்றனர். இது தவறான மருந்து. ஒவ்வொரு தட்டைத் திரைக்கும் பிறப்பிலேயே அமைந்த புள்ளிக் கணக்கு ஒன்று உண்டு. அதைக் குறைத்தால் ஒரு புள்ளியின் வேலையை ஒன்றரைப் புள்ளி செய்ய நேர்ந்து, எழுத்தின் விளிம்பு கலங்கிப் போகும். எழுத்துப் பெரிதாகும், தெளிவு போகும். பரிந்துரைக்கப்பட்டது என்று கணினியே குறித்துள்ள அளவில் அதை விட்டுவிட்டு, ‘ஸ்கேல்’ வழியாகவே எழுத்தைப் பெரிதாக்குவது முறை.

எப்போதாவது ஒரு சிறு குறிப்பை மட்டும் உற்றுப் பார்க்க வேண்டுமெனில், விண்டோஸ் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்துங்கள்; உருப்பெருக்கி ஒன்று தோன்றும். வேலை முடிந்ததும் விண்டோஸ் விசையோடு ‘எஸ்கேப்’ விசையை அழுத்தினால் மறைந்துவிடும்.

நெரிசல் நீங்கிய பக்கம்

எழுத்தைப் பெரிதாக்கிய பின்னும் சில தளங்களில் நிம்மதியாக வாசிக்க முடிவதில்லை. விளம்பரங்கள் பக்கத்தில் துள்ளுகின்றன. காணொளி தானாகவே ஓடுகிறது. சந்தைக் கூச்சலுக்கு நடுவே நூல் படிப்பது போன்ற நிலை அது. இதற்கும் மருந்து உண்டு. ‘ரீடர்’ என்னும் வாசிப்பு முறையை ஆப்பிள் நிறுவனம் 2010-இல் தன் சஃபாரி உலாவியில் சேர்த்தது. பின்னர்ப் பிற உலாவிகளும் இத்தகைய வசதியை ஏற்றன. விண்டோஸ் கணினியில் ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் ஆகிய உலாவிகளைப் பயன்படுத்துவோர், கட்டுரை திறந்திருக்கையில் ‘எஃப் 9’ என்னும் விசையைத் தட்டினால் போதும். விளம்பரங்கள் விலகி, கட்டுரை மட்டும் நூலின் பக்கம் போல நிற்கும். எழுத்தின் அளவு, வரிகளுக்கு இடையே உள்ள வெளி, பின்னணி நிறம் ஆகியவற்றை அங்கேயே மாற்றிக் கொள்ளலாம். எல்லாப் பக்கங்களிலும் இது செல்லாது. செய்தி, கட்டுரை போன்ற நீண்ட உரைநடைக்கே பொருந்தும்.

தமிழ் வாசகர்க்குச் சிறப்பாகப் பயன்படும் ஒன்றும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் எழுத்துரு அமைப்பில் மொழிவாரியாகப் பட்டியல் உள்ளது. அதில் தமிழுக்கெனத் தனி இடமும் உண்டு. தமிழ் எழுத்து இன்ன அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று அங்கே கட்டளை இட்டு வைக்கலாம். எந்த எழுத்துருவில் தோன்ற வேண்டும் என்பதையும் நாமே குறிக்கலாம். விண்டோஸ் கணினிகளில் உள்ள நிர்மலா, கூகுள் நிறுவனம் இலவசமாக வழங்கும் நோட்டோ தமிழ் ஆகியவை திரையில் தெளிவாகத் தோன்றும் எழுத்துருக்கள்.

நிறமும் ஒளியும்

எழுத்து எத்தனை பெரிதாயினும், பின்னணியிலிருந்து பிரிந்து தெரியாவிடில் பயனில்லை. முற்கூறிய பன்னாட்டு நெறிமுறை, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்த அளவு நாலரைக்கு ஒன்று என்னும் ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது. வெண்தாளில் கரிய எழுத்துக்கு இவ்வேறுபாடு இருபத்தொன்றுக்கு ஒன்று. கண்புரை தொடங்கியவர்களுக்கு வேறுபாட்டை உணரும் திறன் குறைவதால், வெளிர் நிற எழுத்து அவர்களுக்கு மிகுந்த இடர் தரும்.

கரிய பின்னணியில் வெண்ணிற எழுத்தைக் காட்டும் முறையைப் பலர் இன்று விரும்புகின்றனர். திரையின் வெண்மை கண்ணைக் கூசச் செய்கிறது என்போர்க்கு அது இதமளிக்கலாம். ஆனால் சிதறல் பார்வை உள்ளவர்களுக்கு அம்முறையில் எழுத்தின் விளிம்பு ஒளிவட்டம் போல் கசிந்து தோன்றக் கூடும். ஒருவருக்கு நன்மை செய்வது மற்றவருக்கும் செய்யும் என்று கொள்ள வேண்டா. இரண்டையும் பார்த்து, தமக்கு ஏற்றதைத் தேர்வதே அறிவுடைமை.

திரையின் ஒளியைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. வெள்ளைத் தாள் ஒன்றைத் திரையின் அருகில் பிடியுங்கள். திரை விளக்கைப் போல் ஒளிர்ந்தால் ஒளியைக் குறையுங்கள். தாளைவிட மங்கி அழுக்காகத் தோன்றினால் கூட்டுங்கள். சன்னலுக்கு எதிரிலோ, சன்னலை முதுகுக்குப் பின்னே வைத்தோ அமராமல், அது பக்கவாட்டில் இருக்குமாறு அமர்ந்தால் கூச்சம் குறையும்.

திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுத்துவிடும் என்று சொல்லித் தனிக் கண்ணாடிகள் விற்கப்படுகின்றன. கணினித் திரையின் நீல ஒளி கண்ணுக்குக் கேடு செய்வதாகச் சான்று இல்லை என்பது அமெரிக்கக் கண் மருத்துவக் கழகத்தின் கருத்து. 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான காக்ரன் மதிப்பாய்வும், அத்தகைய கண்ணாடிகளால் கண் களைப்புக் குறைவதாகத் தெரியவில்லை என்றே கூறிற்று. அதற்குச் செலவிடும் பணத்தை முறையான கண் பரிசோதனைக்குச் செலவிடலாம்.

கண்ணாடியும் தூரமும்

புத்தகம் படிக்கும் கண்ணாடி ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஏற்பச் செய்யப்படுவது. கணினித் திரையோ 50 முதல் 70 சென்டிமீட்டர் தொலைவில், நீட்டிய கை தொடும் தூரத்தில் இருப்பது. அதனால்தான் அக்கண்ணாடியோடு திரையைக் காண்போர் முன்னோக்கிக் குனிகின்றனர். இருபார்வைக் கண்ணாடி அணிவோரோ, அதன் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைக் காண வேண்டி முகவாயை உயர்த்தி, மாலையில் கழுத்து வலியால் வருந்துகின்றனர். இத்தகையோர் திரையைச் சற்றுத் தாழ்த்தி வைத்தல் நலம். அடுத்த முறை கண் பரிசோதனைக்குச் செல்லும்போது, தம் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை வீட்டிலேயே அளந்து குறித்துச் சென்று சொல்ல வேண்டும். அத்தூரத்துக்கு ஏற்ற கண்ணாடியைப் பரிந்துரைக்க அது உதவும்.

திரையை உற்றுப் பார்க்கையில் நாம் கண் இமைப்பதை மறந்துவிடுகிறோம். நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைப்பது வழக்கம். திரையின் முன் அது பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறைகிறது. கண் உலர்ந்து எரிவதற்கு இது முக்கியக் காரணம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள மரத்தையோ சுவரையோ இருபது விநாடி நோக்குவது நல்ல பழக்கம்.

மருத்துவரை நாட வேண்டிய வேளை

எழுத்தைப் பெரிதாக்குவது மருத்துவம் அன்று. இதை மறத்தல் ஆகாது. சென்ற மாதம் போதுமாயிருந்த அளவு இம்மாதம் போதவில்லை என்றால், மேலும் பெரிதாக்கி மனநிறைவு கொள்ளாமல் மருத்துவரைக் காண வேண்டும். நேர்கோடுகள் வளைந்து தெரிதல், விளக்கைச் சுற்றி வளையம் தோன்றுதல், ஒரு கண் மட்டும் மங்குதல் ஆகியவை காலம் தாழ்த்தத் தகாத அறிகுறிகள். பார்வையின் ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல் மறைந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றி, பார்வையின் ஓரங்களையே முதலில் தின்னும். நடுப்பார்வை தெளிவாக இருப்பதால் வாசிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. நீரிழிவு உள்ளவர்கள், நன்றாகப் படிக்க முடிகிறதே என்று இராமல், ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழித்திரையைச் சோதித்துக் கொள்வது கட்டாயம்.

இளையோர் செய்யத்தக்கது

இத்தனையும் படித்த பின், “இவற்றை நான் எங்ஙனம் செய்வேன்?” என்று பெரியவர்கள் மலைக்கக் கூடும். அவர்களுக்குத் துணை நிற்பது வீட்டில் உள்ள இளையோரின் கடமை. பத்து நிமிடம் போதும்; ஆனால் செய்யும் முறை ஒன்று உண்டு. பாட்டியை அவர் வழக்கமாக அமரும் நாற்காலியில், வழக்கமான கண்ணாடியோடு அமரச் செய்யுங்கள். அவர் நாள்தோறும் வாசிக்கும் பக்கத்தையே திறந்து, “இந்த அளவு போதுமா, பாட்டி?” என்று ஒவ்வொரு படியிலும் கேளுங்கள். அவர் போதும் என்னும் இடத்தில் நிறுத்துங்கள். உங்கள் கண்ணுக்கு அது மிகப் பெரிதாகத் தோன்றலாம். வாசிக்கப் போவது நீங்கள் அல்லவே! பிறகு விசைகளை அவரையே ஒரு முறை அழுத்தச் செய்து, ‘கன்ட்ரோல், கூட்டல் - பெரிதாக, கன்ட்ரோல், சுழியம் - பழையபடி’ என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதித் திரையின் அருகே ஒட்டி வையுங்கள். கைப்பேசியிலும் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘டிஸ்பிளே’ என்னும் தலைப்பின்கீழ் எழுத்தின் அளவைக் கூட்டும் இடம் இருக்கும். அதையும் அப்போதே செய்துவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் ஒரு காசும் செலவில்லை என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள். உங்கள் கணினித் திரையைச் சரிசெய்து தருகிறோம் என்று முன்பின் அறியாதவர் தொலைபேசியில் அழைத்தால், அது ஏமாற்று வேலை என்று கொண்டு இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

‘நீயே படித்துச் சொல்’ என்றவர், ‘இதோ, நானே படிக்கிறேன்’ என்று சொல்லும்போது அவருக்குத் திரும்பக் கிடைப்பது எழுத்து மட்டுமன்று. தம் செய்தியைத் தாமே அறிந்து, தம் கணக்கைத் தாமே பார்த்து, தம் கருத்தைத் தாமே உருவாக்கிக் கொள்ளும் உரிமையும் அவருக்கு மீள்கிறது. பெற்றோர் நமக்கு அகரம் கற்பித்த நாளில், நம் கைப்பிடித்து எத்தனை பொறுமையோடு எழுதச் செய்தனர்! அவர்களுக்கு இன்று பத்து நிமிடம் அளிப்பது நமக்கு அரிதன்று. இம்மாதம் ஒரு நாள் மாலை அதற்கென ஒதுக்குவோமாக.